கடலில் வீடு பார்க்கப் போனோம்

என் வீட்டுக்காரர் பெயர் திருச்செல்வம். தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். ஃபிட்டராக இருந்தார் என்று சொல்ல வேண்டும், எனக்குத்தான் இன்னும் வாய் பழகவில்லை. தானா ராத்தா டவுனிலிருந்து மலைப்பாதையில் உள்ளே போனால் எங்கள் தோட்டம். எங்கள் தோட்டம் என்பதும் வாய்ப்பழக்கம்தான். நான் அங்கே கொழுந்து எடுத்தே முதுகு வளைந்தவள், இருந்தாலும் அதில் ஒரு செடிகூட எங்களுடையது இல்லை.

அவர் பிறந்ததே அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில்தான். மீசை முளைப்பதற்கு முன்பே ஃபேக்டரிக்கு எண்ணெய் போடப் போனவர். இலையை உருட்டுகிற மெஷின், காயவைக்கிற மெஷின் எல்லாம் வெள்ளைக்காரத் துரைகள் காலத்தில் கப்பலில் வந்தவை. அவற்றுக்கு நோவு வந்தால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். இவர் வந்ததும் செய்கிற முதல் வேலை, பக்கத்தில் ஓடுகிற மெஷின்களையெல்லாம் நிறுத்தச் சொல்வது. "ஒன்னு பேசும்போது இன்னொன்னு பேசக்கூடாது" என்பார். பிறகு திருப்புளியின் நுனியை இரும்பில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். ஃபேக்டரியில் அப்படிக் காது கொடுத்துக் கேட்ட மனுஷன் வீட்டில் நான் சொன்னதை ஒரு தடவையாவது கேட்டாரா என்றால், அதை விடுங்கள்.

லைன் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. சுவரில் ஆணி அடிக்க வேண்டுமென்றால் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியிடம் போய்க் கேட்க வேண்டும். சட்டம் கிட்டம் ஒன்றுமில்லை, அந்தக் காலத்திலிருந்து அப்படியே வந்துவிட்டது. எங்கள் கல்யாணப் படத்தை மாட்டுவதற்கு இவர் ஆபீஸ் வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. "கட்டுன பொண்டாட்டிக்கும் கேட்டு வந்தீங்களா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்டு எனக்கு ஒரு குசினி கட்டினார். அதற்கும் கேட்டுக்கொண்டுதான் கட்டினார். லைனிலேயே புகை தங்காத அடுப்பு என்னுடையதுதான்.

இவருக்கு வேலையிலிருந்து ஓய்வு கொடுத்த பிறகு இப்போதைய கிராணி ஒரு நாள் வாசலுக்கு வந்தான். நல்ல பையன்தான், என் மகள் சசிரேகாவோடு படித்தவன். உள்ளே வராமல் செருப்போடு வெளியிலேயே நின்றான்.

"அண்ணே, தீவாளி வரைக்கும் இருங்க. அதுக்கு மேல வீடு வேணும்ணே. பங்களாதேஷ் ஆளுங்க வேலைக்கு வர்றாங்க."

"சரி" என்றார் இவர்.

"பின்னால இருக்குற குசினியப் பிரிச்சிட்டுத்தான் ஒப்படைக்கணும்னு மேனஜர் சொல்றாரு."

"சரி."

மறுநாள் காலையிலேயே ஏணியைச் சாய்த்துவிட்டார். தகரத்தை ஒவ்வொன்றாகக் கழற்றி அடுக்கி, பிடுங்கிய ஆணிகளையெல்லாம் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தினார். வளைந்த ஆணியை நிமிர்த்தி என்ன செய்யப் போகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. தீபாவளிக்கு இன்னும் எத்தனையோ நாள் இருந்தது. "ஏங்க, இப்பவே எதுக்கு லா?" என்று கத்தினேன். "என்னைக்கா இருந்தாலும் செய்யணும்ல" என்றார். அன்று மழை. வாசல் பக்கம் அடுப்பை வைத்து, நனைந்துகொண்டே சோறு வடித்தேன்.

அதோடு சரி. அந்த மனுஷனுக்குள் ஏதோ அணைந்துவிட்டது. போட்டதைச் சாப்பிடுவார், உட்கார் என்றால் உட்காருவார். உப்பு போட மறந்த குழம்பையும் அப்படியே சாப்பிட்டு எழுந்தார். நான் முதலில் மேனஜரைத் திட்டினேன், பிறகு கிராணியைத் திட்டினேன், பிறகு இவரைத் திட்டினேன். திட்டித் திட்டி எனக்கே சலித்துப்போனது. பிறகு நானும் பேசாமல் இருந்தேன். ஒரே வீட்டில் இரண்டு பேர் மரத்துப்போய் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், ஒன்றும் இருக்காது என்றுதான் சொல்வேன். அழுகைகூட வராது.

வீடு தேடாமல் இல்லை. தானா ராத்தாவில் கொஞ்சம் நல்ல அறையாக இருந்தால் எல்லாம் சுற்றுலாக்காரர்களுக்கு. லெம்பா பெர்த்தாமில் ஆற்றோரமாக ஒரு வீடு கிடைத்தது. இவர் உள்ளே போய், ஆற்றில் சேற்று வெள்ளம் வந்த வருஷம் சுவரில் ஏறிய கறையைக் கையால் தடவிப் பார்த்தார். அந்தக் கறை என் கழுத்து உயரத்தில் இருந்தது. திரும்பி பஸ் ஏறிவிட்டோம். கிள்ளானில் சசிரேகாவுக்கு ஒரு ஃபிளாட், அதில் அவள் மாமியாரும் பிள்ளைகளும் ஒருவர் மேல் ஒருவராகப் படுக்கிறார்கள். "வாங்கப்பா, ஹால்ல படுத்துக்கலாம்" என்றாள் போனில். "பாக்கலாம்மா" என்றார் இவர். பார்க்க மாட்டார் என்று அவளுக்கும் தெரியும்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போனை என் பக்கம் திருப்பினார். வெள்ளை வெளேரென்று ஒரு படகு. மீன் பிடிக்கிற படகு இல்லை, பணக்காரர்கள் உல்லாசமாகப் போவார்களே, அந்த மாதிரி. உள்ளே கட்டில், மேசை, சின்ன அடுப்பு, கக்கூஸ் எல்லாம் இருந்தது.

"என்னாங்க இது? ராஜா வீட்டுக் கப்பலா?"

"விக்கிறாங்க. லூமுட்ல, கடலோரத்துல."

விலையைச் சொன்னார். எனக்குப் புரையேறிவிட்டது. திரிங்காப்பில் முட்டைக்கோஸ் ஏற்றுகிற ஓட்டை லேண்ட் ரோவருக்கே அவ்வளவு கேட்பார்கள்.

"ஏமாத்துறானுங்க லா. திருட்டுப் படகா இருக்கும். இல்லன்னா யாராச்சும் அதுல செத்துருப்பாங்க."

"இருக்கலாம்" என்றார். "எஞ்சின் செத்துருக்கும். அதான் வெல இல்ல. எஞ்சின்னா நான் பாத்துக்குவேன்."

"பாத்து?"

"அதுலயே இருந்துக்கலாம்."

நான் சிரித்தேன். நன்றாக வாய்விட்டுச் சிரித்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் பல மாதத்துக்குப் பிறகு ஏதோ ஒன்று இருந்தது, அதனால் சிரிப்பை நிறுத்திவிட்டேன்.

கடலைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும்? மகள் சின்னவளாக இருந்தபோது ஒரு தடவை போய்க் காலை நனைத்துவிட்டு வந்ததுதான். மலையில் பழைய வண்டி வாங்குகிற முறை வேறு. கதவைக் கயிற்றால் கட்டியிருந்தாலும், மேலே கூரையே இல்லாவிட்டாலும், யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள். எஞ்சினைக் கேட்பார்கள், மூட்டையை ஏற்றி மேட்டில் விடுவார்கள். ஏறினால் வாங்கு, ஏறாவிட்டால் விடு, அவ்வளவுதான். அந்தக் கண்ணோடுதான் நாங்கள் கடலுக்குப் போனோம்.

ஈப்போவில் பஸ் மாறும்போதே சுவெட்டரைக் கழற்றிவிட்டோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் ஒரு சின்னப் பாத்திரமும் பாலும் ஒரு எலுமிச்சம்பழமும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

படகுக்காரர் வயதான சீன முதலாளி, தவுக்கே என்று கூப்பிடுவோம். அரைக்கால் சட்டை, வாய் நிறையச் சிரிப்பு. மலாயில்தான் பேசிக்கொண்டோம். கடலோடு சேருகிற ஆற்றோரத்தில், பலகைப் பாலத்தின் ஓரமாகப் படகு கட்டியிருந்தது. உள்ளே கால் வைத்ததும் பூஞ்சை வாடை குப்பென்று அடித்தது. வேறு ஒருத்தியாக இருந்தால் மூக்கைப் பொத்தியிருப்பாள். எனக்கு அது எங்கள் வீட்டு வாடை. மலையில் மூடுபனி நேராக வீட்டுக்குள் வந்து உட்காரும், சுவரெல்லாம் வேர்க்கும், அலமாரியில் வைத்த செருப்பில் பூஞ்சை பூக்கும். இவர் தரைப்பலகை ஒன்றைத் தூக்கிக் குனிந்து பார்த்தார்.

"தண்ணி கெடக்கு" என்றார்.

"நம்ம வீட்டுல மட்டும் என்னா, காஞ்சா கெடக்கு?" என்றேன்.

பலகையைத் திரும்ப மூடிவிட்டார். கடலோரத்தில் பிறந்த யாராக இருந்தாலும் அந்த நிமிஷமே பாலத்தில் ஏறியிருப்பார்கள். நாங்கள் ஈரத்தைப் பார்த்தால் வீடு என்று நினைக்கிற ஜாதி.

எதைப் பார்க்க வேண்டும் என்று தவுக்கே கேட்டார். எஞ்சின் என்றார் இவர். எஞ்சின் மட்டுமா என்று கேட்டார். எஞ்சின் போதும் என்றார் இவர். தவுக்கே இரண்டு பேரையும் ஒரு மாதிரி பார்த்துவிட்டு மூடியைத் திறந்துகாட்டி, நிதானமாகப் பாருங்கள், கடைத்தெருவுக்குப் போய்க் காப்பி வாங்கி வருகிறேன் என்று போனார். போன மனுஷன் அங்கே யாரையோ பார்த்துக் கதை பேசிக்கொண்டு நின்றுவிட்டார் போல, வெகுநேரம் வரவில்லை.

ஒரு மூலையில் ஏதோ சின்ன மோட்டார் கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. இவருக்கு முகம் சுளித்தது.

"அது என்னாங்க?"

"கொழாய்த் தண்ணி மோட்டாரா இருக்கும்" என்று சொல்லி அதன் சுவிட்சை அணைத்தார். பிறகு எஞ்சினை முடுக்கினார். ஒரே முடுக்கில் பிடித்துக்கொண்டது.

நான் அவர் முகத்தைத்தான் பார்த்தேன். திருப்புளியின் பிடியைக் காதில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். கண் மூடியிருந்தது, உதடு லேசாக அசைந்தது. என் புருஷன் திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்தேன். "உயிரோட இருக்கு யோகம்! நல்லா இருக்கு!" என்று கத்தினார். யோகேஸ்வரி என்ற என் பெயரைச் சுருக்கி அவர் அப்படிக் கூப்பிட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. 

அவர் எஞ்சினோடு இருக்கட்டும் என்று நான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்து பார்த்தேன், ஜன்னலைத் திறந்து பார்த்தேன். சாமி படத்தை இங்கே மாட்டலாம், கல்யாணப் படத்தை அங்கே மாட்டலாம் என்று சுவரைத் தொட்டுப் பார்த்தேன். யாரையும் கேட்காமல் ஆணி அடிக்கலாம். எனக்கு ஆசை வந்துவிட்டது. இதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும், அதிலிருந்து யாரும் எங்களை எழுப்பக்கூடாது. அது தண்ணீரில் மிதந்தால் எனக்கென்ன, மரத்தில் தொங்கினால் எனக்கென்ன?

வீடு கைக்கு வந்த பிறகுதான் பால் காய்ச்சுவது முறை. லைனில் கிராணி சாவி கொடுப்பார், போய்க் காய்ச்சுவோம். இந்த வீடு வேண்டுமா வேண்டாமா என்று எங்களை யாரும் எந்தக் காலத்திலும் கேட்டதில்லை. அதனால் இந்தத் தடவை முதலிலேயே காய்ச்சிப் பார்த்துவிடுவோம், கிழக்கே பொங்கினால் எடுத்துக்கொள்வோம் என்று பையிலிருந்த பாத்திரத்தை எடுத்தேன். அடுப்பு நன்றாக எரிந்தது. எலுமிச்சம்பழத்தைப் பக்கத்தில் வைத்து, தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

பால் ஏறி வந்து பொங்கியது. கிழக்கு ஜன்னல் பக்கமாகவே பொங்கியது. கொஞ்சநஞ்சமில்லை, முழுக்க அந்தப் பக்கம்தான்.

"என்னாங்க! ஓடியாங்க! கெழக்கால பொங்கிருச்சு!"

எஞ்சினை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். வழிந்த பால் மேசையில் ஒரு கோடாக ஓடி, ஜன்னல் பக்கச் சுவரில் முட்டி, கீழே சொட்டிக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எலுமிச்சம்பழமும் உருண்டு தரையில் விழுந்து, அதே சுவரோரமாகப் போய் நின்றது. இவர் அதை எடுத்து நடுத்தரையில் வைத்தார். திரும்பவும் உருண்டு அங்கேயே போனது.

"கெழக்குதாங்க" என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. என் செருப்புக்குள் தண்ணீர் சில்லென்று ஏறியது அப்போதுதான்.

பலகைப் பாலத்தில் யாரோ ஓடி வருகிற சத்தம் கேட்டது. தவுக்கேதான். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார். பம்பை அணைத்தது யார், யார் அணைத்தது என்று மலாயில் கத்திக்கொண்டே காப்பிப் பொட்டலங்களைப் பாலத்தில் போட்டுவிட்டு உள்ளே குதித்தார். மூலையிலிருந்த சுவிட்சைப் போட்டார். கிர்ரென்று அந்தச் சின்ன மோட்டார் ஓட, படகின் வயிற்றிலிருந்து தண்ணீர் வெளியே கொட்டத் தொடங்கியது. கொட்டியது, கொட்டியது, கொட்டிக்கொண்டே இருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மூச்சு வாங்கி முடித்த பிறகு தவுக்கே சொன்னார். அடிப்பாகம் உளுத்துப்போய்விட்டதாம். எத்தனையோ தடவை அடைத்துப் பார்த்தாராம், நிற்கவில்லையாம். இரவு பகல் பம்பு ஓடினால் மிதக்கும். அதனால்தான் இந்த விலை.

"அதைச் சொல்றதுக்கென்ன? வயசான மனுஷன், மனசாட்சி வேணாம்?" என்று நான் பாய்ந்தேன்.

"வருகிற எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள், அம்மா" என்றார் தவுக்கே. "நீங்கள் எஞ்சின் போதும் என்றீர்கள்."

அந்த ஆள் பொய் சொல்லவில்லை.

இவர் பம்பின் பக்கத்தில் குனிந்து நின்று அதையே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, பம்பு நின்றால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டார். ஒரு ராத்திரி தாங்கினால் பெரிது என்று தவுக்கே கையை விரித்தார். நாங்கள் பேசிக்கொள்ளட்டும் என்று அவரே பாலத்தில் ஏறிப் போய் நின்றுகொண்டார்.

"எடுத்துக்கலாம் யோகம்" என்றார் இவர்.

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. "என்னாது?"

"பம்ப நான் பாத்துக்குவேன். இத்தன வருசமா மெஷினு நிக்காம ஓடுனதாலதான அந்த வீட்டுல நம்மள வெச்சிருந்தாங்க. இங்கயும் அதேதான்."

பொய்யா சொல்கிறார்? அவர் கை ஓடியவரைக்கும் அந்தக் கூரை எங்கள் தலைமேல் இருந்தது, கை நின்றதும் போய்விட்டது. நாங்கள் வாழ்ந்த வாழ்க்கை அவ்வளவுதான் என்று அந்தப் பம்புக்குப் பக்கத்தில் நின்றபோது எனக்கும் தெரிந்துவிட்டது.

"ராத்திரி நாம தூங்கும்போது நின்னா?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "நின்னா நிக்கட்டும். இங்க யாரும் வாசல்ல வந்து நின்னுக்கிட்டு வீட்டக் காலி பண்ணுன்னு சொல்ல மாட்டாங்க."

சோறு போதும் என்பாரே, அந்தக் குரலில் சொன்னார். குரலில் கோபமும் இல்லை, துக்கமும் இல்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த மனுஷன் வீடு பார்க்க வரவில்லை. தரைக்கடியில் தண்ணீரைப் பார்த்தபோது ஒருவேளை தெரியாமல் இருந்திருக்கலாம். இப்போது நன்றாகத் தெரிந்துதான் கேட்கிறார்.

இத்தனை மாதமாக வராத கோபமெல்லாம் ஒன்றாக வந்தது. அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் சட்டைகளைத் துவைத்திருக்கிறேனே தவிர, பிடித்ததில்லை.

"யாரும் சொல்ல மாட்டாங்களா? நான் சொல்றேன். காலி பண்ணுங்க. இப்பவே காலி பண்ணுங்க!"

"யோகம்..."

"நீங்க மூழ்குறதுக்கு நான் பால் காய்ச்சணுமா? எனக்குச் சாவ வேணாம். கேக்குதா? எனக்கு வேணாம்!"

அவருக்குக் கேட்டது போலிருந்தது. ஜன்னலிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"எங்க போறது?"

பம்பு ஓடிக்கொண்டிருந்தது. தவுக்கே பாலத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். சட்டையை விடாமல் படியேறினேன்.

"தெரியல. மொதல்ல வெளிய வாங்க."

வந்தார்.